அம்மா லீட்ஸ் போகிறார்: 'ஹலோ'வுக்கு அப்புறம் என்ன சொல்லிக் கொடுப்பது?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். பஸ் போர்டு, மருந்து அட்டை அளவுக்கு ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார், பேச வராது. தங்கைக்கு இங்கிலாந்தின் லீட்ஸில் பிரசவம். பார்த்துக்கொள்ள விசிட்டர் விசாவில் கிளம்புகிறார். அதிகபட்சம் ஆறு மாதம் இருக்கலாம்.

இங்கே ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டேன். முதல் வகுப்பிலேயே போர்டில் டென்ஸ் அட்டவணை. அம்மா திரும்பி வந்து, "எனக்கு இது எதுக்குடா? பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரிச்சா நான் என்ன சொல்லணும், அதைச் சொல்லிக் குடு போதும்" என்கிறார். 'குட் மார்னிங்', 'ஹவ் ஆர் யூ', 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ' சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இது போதுமா? அங்கே இருப்பவர்கள், ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_வாத்தியார்

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி தம்பி. டென்ஸை மூட்டை கட்டி வையுங்கள்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஆரம்பப் படிக்கு ஏ1 என்று பெயர். மற்றவர்களோடு பழகும் விதத்தில் அந்தப் படி எதிர்பார்ப்பதெல்லாம் சந்திக்கும்போதும் பிரியும்போதும் சொல்வது, தன்னை அறிமுகம் செய்துகொள்வது, ப்ளீஸ், தேங்க் யூ, சாரி, அவ்வளவுதான். அம்மாவுக்கு வேண்டியதும் அதே.

பொழுதுக் கணக்கை முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பகல் 12 வரை 'குட் மார்னிங்'. அப்புறம் ஐந்து, ஆறு மணி வரை 'குட் ஆஃப்டர்நூன்'. அதற்கு மேல் 'குட் ஈவ்னிங்'. 'குட் நைட்' மட்டும் சந்திக்கும்போது வராது. கிளம்பும்போதோ படுக்கப் போகும்போதோதான். ராத்திரி பத்து மணிக்கு விருந்தாளி வந்தாலும் வாசலில் 'குட் ஈவ்னிங்' என்றுதான் வரவேற்க வேண்டும்.

இன்னொன்று, நம் பள்ளிகளில் வகுப்பே எழுந்து நின்று 'குட் மா...ர்னிங் சா...ர்' என்று ராகம் போடும். அந்த ராகமும் அந்த 'சாரு'ம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டையும் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரரை யாரும் சார் என்பதில்லை.

பிராட்ஃபோர்ட்_அக்கா

நான் லீட்ஸுக்கு அடுத்த ஊர். வாத்தியார் ஐயா சொன்ன பொழுதுக் கணக்கு சரி, ஆனால் ஒரு திருத்தம். தெருவில் யாரும் 'குட் மார்னிங்' என்று முழுசாகச் சொல்வதில்லை. 'மார்னிங்!' அவ்வளவுதான். வெளிச்சத்தைப் பார்த்துப் பொழுதைக் கணிக்கவும் வேண்டாம். டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் விழுந்துவிடும், ஜூனில் ஒன்பதரைக்கும் வானம் வெளுத்திருக்கும். பேசாமல் எல்லா நேரத்துக்கும் 'ஹலோ' என்று வைத்துக்கொள்ளட்டும்.

'ஹவ் ஆர் யூ'வை விட அம்மா காதில் அதிகம் விழப்போவது 'யூ ஆல்ரைட்?' அல்லது வெறும் 'ஆல்ரைட்?' இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புதிதாக வருகிற நம் ஆட்கள் பாதிப் பேர், 'நமக்கு உடம்பு சரியில்லாத மாதிரி தெரியுதோ' என்று பதறுவார்கள். அது வெறும் வணக்கம். பதிலுக்கு 'ஐ ஆம் ஆல்ரைட், தேங்க் யூ. யூ?' போதும். மூட்டு வலி, சர்க்கரை அளவு எல்லாம் அங்கே சொல்ல வேண்டாம்.

இதே 'யூ ஆல்ரைட் தேர்?' கடைக்காரர் வாயிலிருந்து வந்தால் 'என்ன வேணும்?' என்று பொருள். சும்மா பார்க்கிறோம் என்றால் 'ஜஸ்ட் லுக்கிங், தேங்க் யூ'.

யார்க்‌ஷயர் (லீட்ஸ் இருக்கும் வட்டாரம்) வேறு உலகம். முன்பின் தெரியாத பெண் 'ஆல்ரைட், லவ்?' என்பார். பஸ் டிரைவர்கூட 'லவ்' என்பார். நம் ஊரில் காய்கறிக்காரம்மா 'என்ன கண்ணு' என்பது போலத்தான், வேறு அர்த்தம் கிடையாது. வயசான ஆட்கள் 'ஏ அப்' என்பார்கள், 'நவ் தென்' என்பார்கள். இரண்டும் ஹலோதான். அம்மா திருப்பி அதையே சொல்ல வேண்டாம், 'ஹலோ' போதும்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு 'தேங்க் யூ' சொல்லிவிட்டு இறங்குவது இங்கே பழக்கம். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே தைரியம் வர இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், அடுத்த கேள்வி வராது.

இலக்கணப்புலி

எல்லோரும் சேர்ந்து அந்த அம்மாவைக் கிளிப்பிள்ளை ஆக்குகிறீர்கள். மனப்பாடம் செய்த பதில் முதல் கேள்விக்கு உதவும். இரண்டாவது கேள்வி வந்தால்? அடிப்படை இலக்கணம் இல்லாமல் எப்படி வாக்கியம் அமைப்பார்? எங்கள் காலத்தில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை முடித்த பிறகுதான் வாயே திறந்தோம்.

மாமல்லை_ரிசப்ஷன்

புலி அண்ணா, அதை முடித்தும் வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் ஹோட்டலுக்கு இன்டர்வியூ வருகிறவர்களைப் பார்த்தால் தெரியும். பட்டப்படிப்பு இருக்கும். வெள்ளைக்கார கெஸ்ட் வந்து 'ஹௌஸ் இட் கோயிங்?' என்றால் எங்கே போவதைக் கேட்கிறார் என்று முழிப்பார்கள்.

புதுசாகச் சேருகிற பையன்களுக்கு நாங்கள் சொல்வது கொஞ்சம்தான். தலையை இடமும் வலமும் ஆட்டாதே. நமக்கு அது சரி என்பது, அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்று குழப்பம். மேலும் கீழும் ஒரு முறை ஆட்டு, போதும். 'மைசெல்ஃப்' என்று ஆரம்பித்துப் பெயர் சொல்லாதே, 'ஐ ஆம்' என்று சொல். 'யுவர் குட் நேம்?' என்று கேட்காதே, அது இந்தியாவுக்குள் மட்டும் ஓடுகிற வண்டி. முதல் தடவை பார்க்கிறவரிடம் 'நைஸ் டு மீட் யூ', மறுபடி பார்க்கும்போது 'நைஸ் டு சீ யூ'. நேற்று வந்த கெஸ்ட்டிடம் மறுநாளும் 'மீட்' போட்டால் நேற்று பார்த்ததே ஞாபகம் இல்லை என்று ஆகிவிடும்.

அப்புறம் முகம். வார்த்தை சரியாக வந்து முகம் உர்ரென்று இருந்தால் பயன் இல்லை. பதற்றத்தில் நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகிறது.

பழைய_வாத்தியார்

இலக்கணப்புலி அவர்களே, இரண்டாவது கேள்வி எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நிற்கும் பாட்டியிடம் ஒருவர் என்ன கேட்பார்? பையனா பெண்ணா, என்ன வயசு, பெயர் என்ன, எவ்வளவு நாள் இருப்பீர்கள், குளிர் எப்படி இருக்கிறது. இதற்குள் முடிந்துவிடும். ஐந்துக்கும் பதில் தயார் செய்துவிட்டால் அம்மா கால் மணி நேரம் பேசலாம். குழந்தை மொழி கற்கும்போதும் துண்டு துண்டாகத்தான் வாங்கிக்கொள்கிறது, விதி பின்னால் வருகிறது. இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த அம்மாவுக்கு, இந்த ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

இலக்கணப்புலி

சரி, பாட்டிக்கு மட்டும் விலக்கு. என் கருத்து மாறவில்லை.

நியூஜெர்சி_மாமா

இங்கே அமெரிக்காவில் கதை இன்னும் மோசம். எதிரே வருகிறவர் 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டுக்கொண்டே நம்மைக் கடந்து போய்விடுவார். நின்று பதில் சொல்ல ஆரம்பித்தால் முதுகிடம்தான் பேச வேண்டும். 'குட், ஹவ் ஆர் யூ' என்று நடந்துகொண்டே சொல்லிவிட வேண்டும், அவரும் பதிலுக்கு நிற்க மாட்டார். கடையில் பில் போடுகிறவர் கடைசியில் 'ஹேவ் எ குட் ஒன்' என்பார். எதை என்று யோசிக்க வேண்டாம், 'யூ டூ'. என் மாமியார் வந்து போனபோது இந்த 'யூ டூ'வை வைத்தே ஊரைச் சமாளித்தார். 'ஹேவ் எ நைஸ் டே', 'ஹேப்பி ஹாலிடேஸ்', 'டேக் கேர்', எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

'சேம் டு யூ' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. 'ஹேப்பி நியூ இயர்' என்றால் அது சரி. 'குட் மார்னிங்'குக்கு 'சேம் டு யூ' சொல்லாமல் 'குட் மார்னிங்' என்றே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மேடைகளில் நம்மவர்கள் போடும் 'வெரி குட் மார்னிங்'கும் இங்கே வாடிக்கை இல்லை.

யாழ்_பனை

எங்கட ஆக்களுக்கு இது நல்லாத் தெரிஞ்ச விசயம். கலியாணம் கட்டி இங்கிலாந்துக்கு வாறவைக்கு 2010 நவம்பரில இருந்து ஏ1 ஆங்கிலச் சோதனை வேணும். வெளிநாட்டில இருந்து விண்ணப்பிக்கிறவை கனபேர் எடுக்கிறது ஐஎல்ட்ஸ் லைஃப் ஸ்கில்ஸ். வாசிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை, கேட்டலும் கதைக்கிறதும் மட்டும்தான். ரெண்டு பேரைச் சேர்த்து ஒண்டா இருத்திச் செய்யிற சோதனை. பக்கத்தில இருக்கிற ஆளோடையும் கதைக்க வேணும். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போறவை அங்கதான் மாட்டுப்படுறது. பக்கத்து ஆள் தன்ரை பாட்டுக்கு ஏதோ கேட்பார், இவை தாங்கள் பாடமாக்கினதைச் சொல்லுவினம்.

உங்கட அம்மாவுக்கு விசிட்டர் விசா எண்டபடியால் இந்தச் சோதனை ஒண்டும் தேவையில்லை. ஆனால் பழகிற முறைக்கு அது நல்ல வழி. ஆராவது ஒராளை எதிரில இருத்தி, ஒழுங்கு மாத்தி மாத்திக் கேட்கச் சொல்லுங்கோ. ஒருக்கா 'ஹலோ'வில தொடங்கட்டும், ஒருக்கா நேரா 'இஸ் திஸ் யுவர் கிராண்ட்டாட்டர்?' எண்டு கேட்கட்டும்.

தந்திக்காலம்

கொஞ்சம் வழி விலகுகிறேன், மன்னிக்கவும். அம்மா நடுங்குகிற இந்த 'ஹலோ' அன்றாட வணக்கமாகப் பரவியதே தொலைபேசியால்தான். கிரகாம் பெல் 1876-இல் காப்புரிமை வாங்கினார். ஃபோனை எடுத்ததும் கப்பல்காரர்கள் கூப்பிடுவது போல 'அஹோய்' என்று சொல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். எடிசன்தான் 1877 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் தந்தி கம்பெனிக்காரருக்குக் கடிதம் எழுதினார்: அழைப்பு மணி எதற்கு, 'ஹலோ' என்று சத்தம் போட்டாலே பத்து இருபது அடிக்குக் கேட்கும் என்று. எடிசன் பக்கமே ஊர் சாய்ந்தது. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்களுக்கே அமெரிக்காவில் 'ஹலோ கேர்ள்ஸ்' என்று பெயர் வந்தது.

மாமல்லை_ரிசப்ஷன்

தந்தி அண்ணன் எந்த இழையிலும் எடிசனைக் கூட்டி வந்துவிடுவார்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பஸ் டிரைவருக்கு நன்றி சொல்வது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் பதில் கேள்விகள் வருகின்றன:

"முன்பின் தெரியாத ஆம்பிளைக்கு நான் எதுக்குக் குட் மார்னிங் சொல்லணும்?"

"கட்டிப் பிடிக்க வந்தா என்ன பண்றது?"

"எங்க கிளம்பிட்டீங்க, சாப்பிட்டாச்சா இதெல்லாம் இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கிறது? அதைக் கேக்காம என்ன பேச்சு?"

கடைசிக் கேள்விக்கு நான் வாக்கியம் எழுதிக் கொடுத்துவிடுவேன். கேட்கலாமா என்பதுதான் தெரியவில்லை.

பிராட்ஃபோர்ட்_அக்கா

அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆண்களுக்கு: பூங்காவிலோ நடைபாதையிலோ எதிரே வருகிறவர் 'மார்னிங்' என்பார். லேசாகத் தலை அசைத்துப் புன்னகைத்தால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. நாய் கூட்டி வருகிறவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். லீட்ஸ் நகர மையத்தில் ஒருவரும் ஒருவரையும் பார்க்க மாட்டார்கள், அங்கே சொல்லவே வேண்டாம். தெருவில், வீட்டு வாசலில், சின்னப் பூங்காவில் மட்டும்தான் இது.

கட்டிப் பிடிப்பது: முதல் சந்திப்பில் வராது. உங்கள் தங்கையின் நெருங்கிய தோழிகள் செய்யலாம். அம்மா முந்திக்கொண்டு கை கூப்பிவிட்டால் யாரும் நெருங்க மாட்டார்கள், தப்பாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவதுதான் விஷயம். 'எங்கே கிளம்பிட்டீங்க?' என்று நம் தெருவில் கேட்கும்போது நமக்கு ஊர் பெயரா வேண்டும்? 'இப்படித்தான், கடை வரைக்கும்' என்று பதில் வரும், கேட்டவர் அதைக் காதில்கூட வாங்க மாட்டார். உன்னைப் பார்த்தேன், நீ எனக்கு வேண்டியவர், அதுதான் சேதி. மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-இலேயே இந்த மாதிரிப் பேச்சைத் தனி வகையாகப் பிரித்து எழுதினார். தகவலுக்காகப் பேசுவது அல்ல, பந்தத்துக்காகப் பேசுவது. ஆக, அம்மா இதை அறுபது வருஷமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார். புதிதாகக் கற்க வேண்டியது எந்தக் கேள்வி அங்கே செல்லுபடியாகும் என்பதை மட்டுமே.

எங்கே போகிறீர்கள் என்பது இங்கே செல்லாது. உனக்கு எதற்கு என்று தோன்றிவிடும். சாப்பிட்டாச்சா என்றால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைப்பார்கள். வயசு, சம்பளம், ஏன் இன்னும் பிள்ளை இல்லை, வேண்டவே வேண்டாம். அதற்கு பதில் வானிலை. 'கோல்டு டுடே, இஸின்ட் இட்?' என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்வதுதான் மரியாதை. 'யெஸ், வெரி கோல்டு!' நமக்கு அது குளிராகத் தெரியாவிட்டாலும். (அம்மாவுக்குத் தெரியும், ஜூலையிலும் தெரியும்.) வெயில் அடித்தால் 'லவ்லி டே!' இந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் தெருவே சிநேகமாகிவிடும், ஏனென்றால் எல்லோரும் அதைச் சொல்லக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

விடைபெறும்போது 'சீ யூ லேட்டர்' என்பார்கள். சாயங்காலம் வருவார் என்று டீ போட்டு வைக்க வேண்டாம். 'யூ மஸ்ட் கம் ரவுண்ட் சம்டைம்' என்பதும் அப்படியே. நாமும் 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்? தேதியும் மணியும் சொன்னால்தான் அழைப்பு. 'போயிட்டு வரேன்' என்பதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்ல வேண்டாம், கேட்டவர் அங்கேயே நின்றாலும் நிற்பார். 'பை', அல்லது இரண்டு தடவை 'பை பை'.

தோபாயோ_பையன்

சிங்கப்பூரிலிருந்து ஒரு மறுப்பு. இங்கே 'ஹேவ் யூ ஈட்டன்?' தாராளமாகக் கேட்கலாம். சீனர், மலாய்க்காரர் எல்லோரிடமும் அந்தப் பழக்கம் உண்டு. வயசான பக்கத்து வீட்டுக்காரரை 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று கூப்பிடுவதும் மரியாதைதான். அம்மா அடுத்த தடவை இந்தப் பக்கம் வரட்டும், அப்படியே தமிழில் நினைத்ததைச் சொல்லலாம்.

பிராட்ஃபோர்ட்_அக்கா

ஆமாம், அங்கே நடக்கும். இங்கே 'ஆன்ட்டி' போட்டால் நான் எப்போது உனக்குச் சொந்தம் என்று பார்ப்பார்கள். எண்பது வயசுக்காரரும் பெயரைத்தான் சொல்வார், பெயரைச் சொல்லியே கூப்பிடச் சொல்வார். நம் அம்மாக்களுக்கு அது நாக்கில் வராது. வராவிட்டால் விட்டுவிடலாம். பெயர் இல்லாமல் 'ஹலோ' சொன்னால் குறையாக நினைக்க மாட்டார்கள்.

வைகைக்கரை

உச்சரிப்புக்கு என்ன செய்வது? அம்மா 'ஃபைன்' என்பதைப் 'பைன்' என்கிறார். நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கலாமா?

பழைய_வாத்தியார்

தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இந்த வயதுக்கு நான் அதைப் பார்க்க மாட்டேன், எழுதிக் கொடுங்கள். ஆனால் புத்தகத்தில் உள்ளபடி எழுதாமல் காதில் விழுகிறபடி எழுதுங்கள். 'ஹவ் ஆர் யூ' மூன்று சொல்லாக விழாது, 'ஹவ்வர்யூ' என்று ஒன்றாக விழும். 'நைஸ் டு மீட் யூ' என்பது 'நைஸ் ட மீச்சூ'. 'ஈவ்னிங்' இரண்டு அசைதான், 'ஈவனிங்' அல்ல. 'ஹலோ'வில் அழுத்தம் 'லோ'வில், 'ஆஃப்டர்நூனில்' அழுத்தம் 'நூனில்'. 'ஃபைன், அண்ட் யூ?' என்னும்போது அந்த 'யூ'வை மட்டும் தூக்கிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கேள்வி திரும்பிப் போகும்.

'பைன்' பற்றிக் கவலை வேண்டாம். சூழல் புரிய வைத்துவிடும். மேல் பல் கீழ் உதட்டைத் தொடட்டும் என்று ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள், வந்தால் வரட்டும். அழுத்தம் தவறினால்தான் ஆங்கிலேயர் காதுக்குச் சொல்லே பிடிபடாமல் போகும், ஓர் எழுத்து மாறினால் அவ்வளவு இல்லை.

நியூஜெர்சி_மாமா

பிபிசியின் ஆங்கிலப் பயிற்சிப் பிரிவு 1943-இலிருந்து இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம். ஆனால் அம்மாவுக்கு அதைவிட நல்லது ஒன்று உண்டு. உங்கள் தங்கையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் 'ஹலோ, ஆல்ரைட்?' சொல்வதை வாட்ஸப் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். அம்மா கேட்கப்போவது அதே ஆளின் அதே குரலைத்தானே.

யாழ்_பனை

அது அருமையான யோசனை. அந்த வீட்டுக்காரருக்கும் இவ ஆர் எண்டு முன்னமே தெரிஞ்சிடும்.

வைகைக்கரை

தங்கை செய்துவிட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மாள். அவர் அனுப்பியது: 'ஹலோ லவ், லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ!' அம்மா அதை ஓடவிட்டு ஓடவிட்டுக் கேட்கிறார். பதில் குரல் செய்தி அனுப்ப வேண்டுமாம். 'மீ டூ' சரியா?

பிராட்ஃபோர்ட்_அக்கா

சரி, தாராளமாக. முன்னால் ஒரு 'தேங்க் யூ' சேர்த்துக்கொள்ளட்டும். 'ஹலோ! தேங்க் யூ! மீ டூ!' இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இலக்கணப்புலி

இலக்கணப்படி 'ஸோ ஆம் ஐ' என்பதுதான் சரி.

பிராட்ஃபோர்ட்_அக்கா

புலி, பாட்டிக்கு விலக்கு கொடுத்தது நீங்கள்தான்.

வைகைக்கரை

அனுப்பிவிட்டார். கடைசியில் யார் சொல்லியும் கேட்காமல் 'சாப்பிட்டாச்சா?' என்று தமிழிலேயே சேர்த்துவிட்டார்.